கெட்ட எண்ணத்தை நல்ல எண்ணத்தால் மாற்றுவது: பௌத்தம் சொல்லும் முறை என்ன?

கேள்வி:
"எல்லாம் நல்லபடியாக நடக்கும்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்வதைத்தான் பௌத்தமும் சொல்கிறதா? கோபம் வரும்போது அந்த இடத்தில் எதை வைப்பது? எவ்வளவு நேரம்? பலிக்காவிட்டால்?

பதில் 1:
இல்லை. நடக்கப்போவது நல்லதா கெட்டதா என்ற பேச்சே அங்கு கிடையாது. புத்தரின் உரைகளைத் தொகுத்த பாலி நூலான மஜ்ஜிம நிகாயத்தின் 19ஆம் சூத்திரம் (உரை) எண்ணங்களை இரண்டாகப் பிரிக்கிறது. காமம், வெகுளி, இம்சை ஒரு பக்கம். துறவு, வெகுளியின்மை, அகிம்சை மறுபக்கம். எதை அதிகம் நினைக்கிறோமோ அந்தப் பக்கமே மனம் சாயும் என்பதுதான் காரணம். "எனக்கு எப்படியும் கிடைத்துவிடும்" என்பது உற்சாகமாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆசையில் பிறந்திருந்தால் அது முதல் பக்கத்துக்கே போகும்.

மாற்றும் முறை அதே நூலின் 20ஆம் சூத்திரத்தில் இருக்கிறது. தச்சர் பெரிய ஆப்பைச் சின்ன ஆப்பால் அடித்து வெளியேற்றுவதுதான் உவமை. ஆப்பு அந்தத் துளைக்குப் பொருந்த வேண்டுமே! அந்தச் சூத்திரத்தின் விளக்கவுரை அதைத் தெளிவாக்குகிறது: ஆள்மீது கோபம் என்றால் மைத்ரி (அவர் நலமாக இருக்கட்டும் என்ற அன்பு), பொருள்மீது கோபம் என்றால் அது மண், நீர், தீ, காற்று என்று பிரித்துப் பார்ப்பது, பொருள்மீது ஆசை என்றால் அதன் நிலையாமை. பொதுவான இனிய வாசகம் எதுவும் இந்த வேலையைச் செய்யாது.

பலிக்காவிட்டால் வரிசையாக: அந்த எண்ணத்தின் கேட்டை எண்ணிப் பார்ப்பது, அதைக் கவனிக்காமல் விடுவது, அது எதிலிருந்து எழுகிறது என்று பார்த்துப் பார்த்துத் தணிப்பது (வேகமாக நடப்பவன் மெல்ல நடந்து, நின்று, உட்கார்ந்து, கடைசியில் படுப்பதுபோல), இவை எதுவும் உதவாதபோது மட்டும் பல்லைக் கடித்து, நாவை மேலண்ணத்தில் அழுத்தி அடக்குவது. பலர் நேராகக் கடைசி முறைக்குப் போய்விட்டு, "எண்ணம் இன்னும் பலமாகத் திரும்புகிறது" என்கிறார்கள்.

கேட்டவர்:
கோபம் வந்த ஆள்மீதே மைத்ரி வரவில்லையென்றால்?

பதில் 2:
வராதுதான், அங்கிருந்து தொடங்கக் கூடாது. 5ஆம் நூற்றாண்டில் பௌத்த அறிஞர் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம் என்ற நூலில் வரிசை உண்டு: முதலில் தன்மீது, பிறகு மதிப்புக்குரிய ஆசான் போன்றவர், மிக நெருங்கிய நண்பர், வேண்டியவரும் வேண்டாதவரும் அல்லாதவர், கடைசியாகத்தான் பகைவர். பகைவரிடம் வந்ததும் வெகுளி எழுந்தால் முந்தைய ஆள்களிடம் திரும்பி, மனம் இளகியபின் மறுபடி முயல வேண்டும். இறந்தவரை நினைத்துச் செய்யக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. இன்னொன்று: மைத்ரிக்குத் தூரத்துப் பகை வெகுளி, பக்கத்துப் பகை பற்று. பற்று மைத்ரி போலவே தோற்றமளிப்பதால் அதுதான் அதிகம் ஏமாற்றும்.

பதில் 3:
நேரத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நிமிடக் கணக்கு கிடையாது, ஆனால் எல்லை உண்டு. அதே 19ஆம் சூத்திரம், நல்ல எண்ணமே ஆனாலும் நெடுநேரம் எண்ணிக்கொண்டிருந்தால் உடல் களைக்கும், உடல் களைத்தால் மனம் கலங்கும் என்கிறது. ஆகவே வெகுளி அடங்கியதும் எண்ணுவதை நிறுத்திவிட்டு மனத்தை ஒருநிலையில் அமர்த்த வேண்டும், மூச்சைக் கவனிப்பது அதற்குப் போதும்.