பழைய ஐ3 கேபினட்ல 12ஆம் தலைமுறை ஐ5 போட முடியுமா?

மன்னார்குடிக்காரன்:
இப்ப இருக்கிறது ஐ3-4130 பிராசசர், எச்81 மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்3 ராம், 450 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை). ஐ5-12400 வாங்கினா ராம், கூலர், விண்டோஸ் 10 மூணும் அப்படியே ஓடுமா?

தஞ்சை டெக்:
பழைய டிடிஆர்3 ராம் புது போர்டு ஸ்லாட்டுலயே உட்காராது சார். எச்610 போர்டு எடுங்க. டிடிஆர்4, டிடிஆர்5 ரெண்டு வகையிலும் வருது, போர்டு பெட்டியைப் பார்த்து ராம் வாங்குங்க. பழைய கூலரும் ஆகாது: அதை மாட்டுற போர்டு துளைகளோட இடைவெளி அப்ப 75 மி.மீ., இப்ப 78. பிராசசர் பெட்டியோட வர்ற புது கூலர்ல சூடு கடத்துற பேஸ்ட் தடவியே வரும், மேல அப்பாதீங்க. கிராபிக்ஸ் கார்டு இல்லேன்னா 12400எஃப் பக்கமே போகாதீங்க, அதுக்குள்ள கிராபிக்ஸ் கிடையாது, திரை கறுப்பாவே நிக்கும்.

குடந்தை வாசகன்:
விண்டோஸ்லதான் சிக்கல். பழைய டிஸ்க் எம்பிஆர்ல (பழைய பார்ட்டிஷன் முறை) இருந்தா புது போர்டுல பூட் ஆகாது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாம ஆன்போர்டு டிஸ்ப்ளேல ஓட்டினா லெகசி பூட் (பழைய பயாஸ் முறையில தொடங்குறது) கிடையாது. போர்டைக் கழட்டுறதுக்கு முன்னாடியே பேக்கப் எடுத்துட்டு ஜிபிடிக்கு (புது பார்ட்டிஷன் முறை) மாத்திடுங்க. ஆனா விண்டோஸ் 10க்கு இலவச ஆதரவு 2025 அக்டோபர்லயே முடிஞ்சது. புதுசா 11 போடுறதே மேல்.

நாகை உப்புக்காத்து:
பிராசசர் உட்கார்ற சாக்கெட்டோட பின் எல்லாம் போர்டுலதான் இருக்கு தம்பி, ஒண்ணு வளைஞ்சா வாரண்டி கிடைக்காது. பிளாஸ்டிக் மூடியை முன்னாடியே பிடுங்காதீங்க, லீவரைப் பூட்டும்போது தானா கழண்டு வரும். பழைய போர்டோட ஸ்டாண்ட்ஆஃப் (கேபினட்ல போர்டைத் தாங்குற சின்ன உலோகக் கால்) புது போர்டுல துளை இல்லாத இடத்துல நின்னா ஷார்ட்தான். ஆன் ஆகலேன்னா முதல்ல பிராசசருக்குப் போற 12 வோல்ட் ஒயரைப் பாருங்க, பலரும் மறக்கிறது அதைத்தான்.