லிபரல் டெமாக்ரட் உறுப்பினராக வீடு வீடாகப் போனதில் கண்டது

லண்டனுக்குத் தென்மேற்கே சர்பிட்டன் பக்கம் இருக்கிறேன், லிபரல் டெமாக்ரட் கட்சி உறுப்பினர். லேபர், கன்சர்வேட்டிவ் இரண்டையும் விட்டுவிட்டு இந்த நடுவாந்தரக் கட்சியில் ஏன் சேர்ந்தாய் என்று தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன்.

முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். வாக்குக் கேட்டு எந்தத் தெருவுக்குப் போனாலும் 2010 பேச்சு வந்துவிடும். கல்விக் கட்டண உயர்வை எதிர்ப்போம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, கன்சர்வேட்டிவோடு சேர்ந்த கூட்டணி ஆட்சியில் அது ஆண்டுக்கு 9,000 பவுண்டு வரை போக நம் கட்சியும் துணை நின்றது. ஒரு பெண் வாசலில் நின்றபடியே ஃபோனில் சம்பளச் சீட்டைத் திறந்து, மாதாமாதம் கல்விக் கடனுக்குப் பிடிக்கும் தொகையின் மேல் விரலை வைத்துக் காட்டினார். நம் எம்பிக்களில் 21 பேர் எதிர்த்துத்தான் வாக்களித்தார்கள் என்றேன். "மத்தவங்க?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். 2015-ல் 57 இடத்திலிருந்து 8-க்கு விழுந்தோமே, அதுவும் நியாயமான தண்டனைதான் என்று நினைக்கிறேன். ஆனாலும் அவர் கதவைச் சாத்தவில்லை, ஆற்றில் கழிவுநீர் விடுவதைப் பற்றி ரொம்ப நேரம் பேசினார்.

இன்னொரு வீட்டில் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர், மகளோடு இருக்க வந்தவர். "எனக்கு இந்த நாட்டுப் பாஸ்போர்ட் இல்லையே தம்பி, நான் எப்படி வோட் போடுறது?" என்றார். இலங்கை, இந்தியா எல்லாம் காமன்வெல்த் நாடுகள், முறைப்படி இங்கே குடியிருந்தால் பதிவு செய்து பொதுத் தேர்தலிலேயே வாக்களிக்கலாம், சாவடியில் காட்ட இலங்கைப் பாஸ்போர்ட்டே போதும் என்றதும் மகளைக் கூப்பிட்டு உடனே பதியச் சொன்னார். எங்களுக்குத்தான் போடுவாரா தெரியாது, நான் கேட்கவும் இல்லை. நம் ஆட்கள் பலருக்கு இன்னும் இந்த விஷயம் தெரியாமல் இருப்பதுதான் எனக்கு வருத்தம்.

சரி, சேர்ந்து என்ன கிடைக்கும்? மாநாட்டுக்குப் பதிவு செய்துகொண்டு போகும் எந்த உறுப்பினருக்கும் கொள்கைத் தீர்மானங்களில் வாக்கு உண்டு, நேற்றுச் சேர்ந்தவரின் கையும் எம்பியின் கையும் அங்கே ஒரே கணக்கு. என்னைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். அப்புறம் தேர்தல் முறை. 2010-ல் 23 சதவீத வாக்குக்கு 57 இடம், 2024-ல் 12 சதவீதத்துக்கு 72. ஜெயிக்கக்கூடிய தொகுதிகளாகப் பார்த்து வேலை செய்ததற்குக் கிடைத்த பலன் அது. தொகுதியில் அதிக வாக்கு வாங்கியவரே ஜெயிக்கும் இப்போதைய முறை இந்தத் தடவை நமக்கே லாபமாக முடிந்தும், வாக்குக்கு ஏற்ற இடம் வேண்டும் என்ற கோரிக்கையைக் கட்சி கைவிடவில்லை. எனக்கு அதில் உண்மையான பெருமை.

புதிதாகச் சேருபவர்களுக்கு ஒன்று. துண்டுப் பிரசுரம் போடப் போகும்போது ஒரு மரக்கரண்டி எடுத்துப் போங்கள். தபால் துளைக்கு உள்ளே முரட்டு பிரஷ் வைத்திருப்பார்கள், காகிதம் கசங்கிப் பாதியிலேயே நிற்கும், கரண்டியால் தள்ளினால் நேராக உள்ளே விழும். கதவுக்கு அந்தப் பக்கம் நாய் இருந்தால் விரலும் பிழைக்கும்.