வேலூர் வெயிலில் ஜப்பான் மேப்பிள்: வளர்த்துப் பார்த்தவர்களின் அனுபவம்

காட்பாடியிலிருந்து:

ஓசூர் பக்கம் ஒரு நர்சரியில்தான் இந்த மரத்தை முதலில் பார்த்தேன். முழங்கால் உயரம், விரல்களை விரித்த குழந்தைக் கை போல இலை, பீட்ரூட் நிறம். "வேலூர்ல வருமா?" என்று கேட்டேன். "நிழல்ல வையுங்கம்மா, வரும்" என்றார்கள். அதை நம்பி மார்ச் மாதம் வாங்கி வந்தேன்.

மே 4 அன்று கத்திரி தொடங்கியது. பத்தே நாளில் இலை நுனியெல்லாம் காய்ந்த காகிதம் மாதிரி சுருண்டது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து, காலையும் மாலையும் போர் தண்ணீரை ஊற்றினேன். மாதம் முடிவதற்குள் மரம் போய்விட்டது. தொட்டியைக் கவிழ்த்தால் வேரெல்லாம் கறுத்து அழுகல் வாடை. நிழலில்தானே வைத்தோம், அப்புறம் ஏன் என்று பல நாள் மனசு ஆறவில்லை.

இரண்டு வருடம் கழித்து இன்னொன்று வாங்கினேன். இந்த முறை தினமும் மதியம் மூன்று மணிக்குப் போய்த் தொட்டியைத் தொட்டுப் பார்த்தேன். மேலே பச்சை வலை இருந்தது. ஆனால் மேற்கிலிருந்து சாய்ந்து வரும் வெயில் நேராகத் தொட்டியில் விழுந்தது. கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி, கை வைக்க முடியவில்லை. இந்த மரத்தின் வேர் ஆழமாகப் போகாது, மேல்மண்ணிலேயே மெல்லிய நாராகப் பரவும். இலைக்கு நிழல் கொடுத்துவிட்டு வேரை வேகவைத்திருக்கிறேன். போதாததற்கு அந்தச் சூட்டு மண்ணில் ஓயாமல் தண்ணீர் ஊற்றி அழுகவும் விட்டிருக்கிறேன்.

அன்றே மண் தொட்டிக்கு மாற்றினேன். அதைப் பெரிய தொட்டி ஒன்றுக்குள் இறக்கி, இடைவெளியில் ஆற்று மணலை நிரப்பி, மணலை மட்டும் இரண்டு வேளை நனைத்தேன். மண்ணுக்கு மேலே நான்கு விரல் கனத்துக்குத் தென்னை நார், தண்டை ஒட்டாமல். மொட்டை மாடியிலிருந்து இறக்கிக் கிழக்குப் பக்கம் வைத்தேன், ஒன்பது மணி வரை வெயில் போதும். மேற்குச் சுவர் பக்கம் வைக்கவே வைக்காதீர்கள். நம் ஊரில் அந்தச் சுவர் ராத்திரி பத்து மணிக்கும் அனல் கக்கும். அனல் காற்றுக்கு ஒரு ஓலைத் தட்டி.

தண்ணீர்தான் பெரிய பாடம். எங்கள் போர் தண்ணீர் உப்பு. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த உப்பு மண்ணில் சேரச் சேர இலை ஓரம் கருகும். அதை வெயில் கருகல் என்று நினைத்து இன்னும் தண்ணீர் விடுவோம், இன்னும் உப்பு சேரும். இப்போது ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்து ஊற்றுகிறேன். காற்றின் ஈரம் குளிர்ந்து வடிவது என்பதால் அதில் உப்பு இல்லை. கோடையில்தான் ஏசி அதிகம் ஓடும், மரத்துக்கும் அப்போதுதான் தேவை. ஐப்பசி மழையில் தொட்டியைத் திறந்த வெளியில் வைத்தால் தேங்கிய உப்பும் கழுவிக்கொண்டு போகும்.

கருகிய இலையைப் பறிக்காமல் விட்டேன். வெயில் காலத்தில் உரமும் போடவில்லை, கிளையும் வெட்டவில்லை. ஆடியில் புதுத் துளிர் வந்தது. அன்று எனக்கிருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஆனால் மூன்றாம் வருடமாக இப்போது துளிர் சிறுத்து வருகிறது. மார்கழியிலும் பாதி இலை உதிராமல் நிற்கிறது. இதற்கு என்ன செய்வது?

ஏலகிரி, அத்தனாவூரிலிருந்து:

அக்கா, அது தூங்க வேண்டிய மரம். குளிரில் இலையை உதிர்த்துவிட்டு சில வாரமாவது ஓய்வெடுத்தால்தான் அடுத்த துளிருக்குத் தெம்பு வரும். கீழே மார்கழியிலும் அந்தக் குளிர் கிடைக்காது. நான் பலா மரத்துக்குக் கிழக்கே தரையிலேயே நட்டேன். காலை வெயில், மதியம் பலா நிழல். இங்கே தையில் முழுவதும் உதிர்ந்துவிடுகிறது, மாசிக் கடைசியில் மொட்டு. படத்தில் பார்க்கிற சிவப்பு இங்கேயும் வராது, ஏதோ வெளிர் ஆரஞ்சு. அதற்காக மனசு விடவில்லை. உங்கள் மரத்தையும் இங்கே மலைக்கு அனுப்பிவிடுங்கள். ஒன்று சொல்கிறேன், கொண்டு வரும்போது 14 கொண்டை ஊசி வளைவிலும் காற்றில் அடிபடும். ஈரப் புடவையைச் சுற்றிக் காருக்குள் வைத்து எடுத்து வாருங்கள். என் முதல் செடியை டெம்போவில் திறந்தபடி ஏற்றி, இலையெல்லாம் கிழிந்துதான் வந்து சேர்ந்தது.

குடியாத்தம், இப்போது டொராண்டோவில்:

எனக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. ஜனவரியில் மைனஸ் 20 வரை போகும். தரையில் இருக்கும் மரம் தாங்கிவிடும், தொட்டி மரம் தாங்காது. நாலு பக்கமும் குளிர் நேராக வேரைத் தொடும், கிளையைவிட வேர்தான் முதலில் சாகும். முதல் வருடம் பாவம் பார்த்து வீட்டுக்குள் ஹீட்டர் பக்கத்தில் வைத்தேன். ஜனவரியிலேயே துளிர்த்து, வெளிறி, வசந்தம் வருவதற்குள் பட்டுவிட்டது. இப்போது இலை உதிர்ந்ததும் சூடு இல்லாத கராஜில் வைத்து, தொட்டியைச் சுற்றிச் சாக்கு கட்டுகிறேன். மண் முழுக்கக் காய்ந்துவிடாமல் மூன்று வாரத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர். ஏப்ரலில் அவசரப்பட்டு வெளியே எடுத்தால் பின்பனி புதுத் துளிரைக் கருக்கிவிடும். அக்கா சொன்ன உப்பு இங்கேயும் உண்டு, பனி உருகச் சாலையில் போடுவது. வாசல் ஓரம் இருந்த என் பக்கத்து வீட்டு மரத்தின் இலை ஓரம் அதில்தான் கருகியது. அக்கா, நீங்கள் போட்ட இலைப் படத்தைப் பார்த்ததும் அதே கருகல் என்று தெரிந்துகொண்டேன்.

காட்பாடியிலிருந்து:

சரி ஏலகிரி தம்பி, மரத்தைப் பிரிய மனசில்லைதான். ஆனாலும் கார்த்திகை மழை விட்டதும் மலைக்கு அனுப்பிவிடுகிறேன். பலாவுக்குக் கிழக்கே இன்னொரு குழி தோண்ட இடம் இருக்குமா? புடவை நான் கொண்டு வருகிறேன்.