ஒரு லட்ச ரூபாய் இயர்போன் காசுக்குத் தகுமா?

தாம்பரம் பயணி:

வணக்கம். சென்ஹைசர் ஐஇ 900 இயர்போனை வாங்கலாமா என்று பல நாளாக மனத்தில் அரித்துக்கொண்டிருக்கிறது. 2021இல் வெளிவந்தபோது அமெரிக்காவில் அதன் விலை 1,299 டாலர். நம் ஊர்ப் பணத்தில் லட்சத்தைத் தாண்டுகிறது. வங்கியில் போட்டிருந்த ஒரு வைப்புத்தொகை முதிர்ந்து கையில் பணம் இருப்பதால் கடன் வாங்க வேண்டியதில்லை. ஆனால் பணம் இருக்கிறது என்பது ஒரு காரணமா என்றும் தோன்றுகிறது.

தினமும் தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை மின்சார ரயிலில் போய்வருகிறேன். போகவர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகிறது. கேட்பது பெரும்பாலும் கர்நாடகக் கச்சேரிகள், கொஞ்சம் எண்பதுகளின் திரைப்பாடல்கள். இப்போது வைத்திருப்பது 1,500 ரூபாய்க்கு வாங்கிய வயர் இயர்போன். அதில் பெரிய குறை எதுவும் தெரியாமல்தான் இருந்தேன்.

போன வாரம் அலுவலகத்தில் நண்பர் ஒருவர் தன்னுடைய ஐஇ 900ஐக் காதில் மாட்டிவிட்டார். ஒரு தனி ஆவர்த்தனம் ஓடியது. மிருதங்கத்தின் தொப்பியில், அதாவது கீழ்ச்சுருதி தரும் இடப்பக்க முகத்தில், கும்கி என்னும் அந்த வளைந்த நாதம் எழும் இடம், விரல் தோலைத் தேய்ப்பதுகூடக் கேட்பதுபோல் இருந்தது. அன்று மாலை ரயிலில் என் பழைய இயர்போனை மாட்டினால் எல்லாம் மந்தமாகத் தெரிந்தது. இது உண்மையான வித்தியாசமா, விலை தெரிந்ததால் வந்த மயக்கமா?

என் முன்னால் உள்ளவை மூன்று. ஐஇ 900. அல்லது பத்தாயிரம், பதினைந்தாயிரத்துக்குள் ஐஇ 200, ஷுர் எஸ்இ 215 போன்ற ஒன்று. அல்லது இரைச்சலைக் குறைக்கும் புளூடூத் வகை, 25,000 ரூபாய் அளவில். வயது 43. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


ரிச்சி தெரு வாசி:

வாங்காதீர்கள். இந்தச் சந்தை சில ஆண்டுகளுக்கு முன்பே தலைகீழாகிவிட்டது. 2022இல் மூன்டிராப் சூ, செவன்ஹெர்ட்ஸ் சால்நோட்ஸ் ஜீரோ என்று சீனாவிலிருந்து 20 டாலர் அளவில் வந்தவற்றைக் கேட்டுப் பாருங்கள். முன்பு அந்த விலைக்குக் கிடைத்ததெல்லாம் ‘தம் தம்’ என்ற வீக்கம்தான். இன்று அதே காசுக்குக் குரல் குரலாகக் கேட்கிறது. முதலில் 2,000 ரூபாயில் ஒன்று வாங்கி ஒரு மாதம் கேளுங்கள். அப்போதும் ஏக்கம் தீரவில்லை என்றால் பேசலாம்.

பெட்டியில் ‘இத்தனை டிரைவர்’ (ஒலியை எழுப்பும் உறுப்பு) என்று போட்டிருப்பதைப் பார்த்து மட்டும் ஏமாறாதீர்கள்.


செவிக்கருவி:

தம்பி, காது மந்தமானவர்களுக்குக் கருவி பொருத்துவது என் தொழில். காதில் கலவை ஊற்றி இம்ப்ரெஷன், அதாவது அச்சு எடுப்பதும், அதிலிருந்து வரும் மோல்டை, அதாவது காதின் வடிவிலான முனையைத் தேய்த்துச் சரிசெய்வதுமாகவே என் காலம் போயிருக்கிறது. உங்கள் கேள்வியில் இயர்போனின் பெயர் இருக்கிறது, விலை இருக்கிறது, ரயில்கூட இருக்கிறது. உங்கள் காதைப் பற்றி வயதைத் தவிர ஒரு சொல் இல்லை.

காதுக் குழாய் பெரியவர்களுக்கு ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் நீளம். உள்ளே வளைந்து வளைந்து போகும். ஒரே ஆளின் வலமும் இடமும் ஒரே அளவில் இருக்கும் என்று நினைத்து யாரும் இந்தத் தொழிலில் பிழைக்க முடியாது. பெட்டியில் வரும் மூன்று ஜோடி ரப்பரில் நடு அளவை இரண்டு காதிலும் செருகிக்கொண்டு ‘பாஸ் இல்லை’ என்று சொல்பவர்களைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். ரப்பருக்கும் காதுச் சுவருக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி இருந்தால் போதும், கீழ்ச்சுருதி ஒலி அத்தனையும் வெளியே ஒழுகிவிடும். மிருதங்கத்தின் தொப்பி முதலில் காணாமல் போகும். லட்ச ரூபாய்க் கருவியானாலும் அப்படித்தான்.

இன்றிரவே ஒன்று செய்யுங்கள். பழைய இயர்போனில் அதே தனி ஆவர்த்தனத்தைப் போட்டு, ஓடும்போதே இரண்டையும் விரலால் மெல்ல உள்ளே அழுத்துங்கள். அழுத்தியதும் தொப்பி திரண்டு எழுந்தால் உங்களிடம் இருப்பது ஒழுகும் இயர்போன். வலதுக்கு ஓர் அளவு, இடதுக்கு வேறு அளவு என்று மாற்றிப் பாருங்கள். மெமரி ஃபோம் முனைகளும் கிடைக்கின்றன. கசக்கிச் செருகினால் உள்ளே விரிந்து உட்கார்ந்துகொள்ளும். நண்பருடையது உங்கள் காதுக்குத் தற்செயலாகக் கச்சிதமாகப் பொருந்தியிருக்கவும் கூடும்.

அவர் எதில் மாட்டிக் கேட்கவைத்தார்? அதே பதிவா? அதே அளவு சத்தமா? இரண்டு ஒலிகளில் ஒன்று கொஞ்சம் கூடுதல் சத்தமாக இருந்தால் நம் காது அதைச் ‘சத்தம் அதிகம்’ என்று கண்டுபிடிக்காது, ‘தெளிவு அதிகம்’ என்றுதான் சொல்லும். காது பரிசோதிக்கும் அறையில் இதைத் தினமும் பார்க்கிறேன். கடைக்காரர்களும் இதை நன்றாக அறிவார்கள்.

டிரைவர் எண்ணிக்கை பற்றி ரிச்சி தெரு நண்பர் சொன்னது சரி. அது எங்கள் வீட்டுக் கதை என்பதால் கொஞ்சம் நீட்டுகிறேன். இயர்போன் உலகத்தில் ‘பேலன்ஸ்டு ஆர்மேச்சர்’ டிரைவர் என்று பெருமையாகப் பேசுகிறார்களே, அதைக் காதுக்கருவித் தொழிலில் நாங்கள் வெறும் ‘ரிசீவர்’ என்போம். இரண்டு காந்தங்களுக்கு நடுவே மெல்லிய இரும்பு நாக்கு ஒன்று கம்பிச்சுருளின் ஆணைப்படி ஆடும், அதன் ஆட்டம் ஒரு நுண்கம்பி வழியாகச் சவ்வுக்குப் போகும். அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிய பெட்டிக்குள் இவ்வளவும் அடங்கும். காதுக்குப் பின்னால் மாட்டும் கருவிக்காக வளர்ந்த இந்தப் பொருளை இசைக்குக் கொண்டுவந்தவர்களும் காதுக்கருவித் துறையினர்தான். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் உள்ள எடிமோட்டிக் ரிசர்ச் 1991இல் ஈஆர்-4 என்ற இயர்போனை வெளியிட்டது. காதுக்கு ஒரே ஒரு ரிசீவர். இன்றும் அந்த வரிசையைத் தேடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். 1995 வாக்கில் ஜெர்ரி ஹார்வி என்ற ஒலிப் பொறியாளர், டிரம் வாசிக்கும் அலெக்ஸ் வான் ஹேலனுக்கு மேடையில் தன் இசை கேட்க வேண்டும் என்பதற்காக இரண்டு டிரைவர் வைத்துச் செய்து கொடுத்தார். அல்டிமேட் இயர்ஸ் நிறுவனம் அதிலிருந்து பிறந்ததுதான். அதன் பிறகு எண்ணிக்கைப் போட்டி தொடங்கிவிட்டது. ஷுர் 2013இல் நான்கு வைத்து எஸ்இ 846ஐக் கொண்டுவந்தது. இன்று காதுக்குப் பத்துக்கு மேல் வைப்பவர்களும் உண்டு. நீங்கள் மயங்கிய ஐஇ 900இல் எத்தனை தெரியுமா? ஒன்று. 7 மில்லிமீட்டர் அளவுள்ள சாதாரண அசையும் சுருள் வகை. அதே நிறுவனத்தின் 150 டாலர் ஐஇ 200இலும் 7 மில்லிமீட்டர்தான். இரண்டும் ஒன்றென்று சொல்லவில்லை. கூடு, உள்வழி, இசைவு எல்லாம் வேறு. ஆனால் ஒன்பது மடங்கு விலைக்கு ஒன்பது மடங்கு இசை வராது.

2017இல் ஜெரோன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களை அளந்து ஓர் அமெரிக்க ஒலியியல் இதழில் எழுதினார். எந்த அதிர்வெண்ணை எவ்வளவு அழுத்தமாகத் தருகின்றன என்று ஒப்பிட்டால், விலைக்கும் அதற்கும் தொடர்பே தென்படவில்லை. ‘எது கேட்க இனிமை’ என்பதில் பெரும்பங்கு அந்த அழுத்தக் கோலத்துக்குத்தான் என்பது இத்துறையில் பரவலாக ஒப்புக்கொண்ட செய்தி. விலை எங்கே போகிறது என்று கேட்டால், கூட்டின் வேலைப்பாட்டுக்கு, வலமும் இடமும் அச்சாக ஒத்திருப்பதற்கு, கழற்றி மாற்றும் வயருக்கு, உதிரிபாகம் கிடைப்பதற்கு, கையில் எடுத்தால் வரும் மகிழ்ச்சிக்கு. மகிழ்ச்சி கேவலமானதல்ல. காசு இருப்பவர் பட்டு வேட்டி கட்டக் கூடாதா என்ன? ஆனால் ரயிலில் கட்டிக்கொண்டு போவதா என்பதை யோசியுங்கள்.

ரயில்தான் எனக்குப் பெரிய கவலை. அங்கே இரைச்சல் பெரும்பாலும் கீழ்ச்சுருதி உறுமல். ரப்பர் முனை மேல்சுருதி இரைச்சலை நன்றாகத் தடுக்கும், உறுமலை அவ்வளவாகத் தடுக்காது. எனவே தம்புரா, தொப்பி, வீணையின் மந்தர ஸ்தாயி எல்லாம் அந்த உறுமலுக்குள் மூழ்கும். நீங்கள் சத்தத்தைக் கூட்டுவீர்கள். எல்லோரும் கூட்டுவார்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பு எல்லை வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 90 டெசிபலில் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். உங்கள் ரயில் பயணம் அதை இரண்டே நாளில் தின்றுவிடும். இரைச்சலை எதிர் அலையால் அழிக்கும் புளூடூத் வகை இந்த உறுமலில்தான் கெட்டிக்காரத்தனம் காட்டும். ரயிலுக்கு அதையே சொல்வேன். குறை என்னவென்றால் அதன் பேட்டரி. சில ஆண்டுகளில் தளர்ந்துபோகும், பெரும்பாலானவற்றைத் திறந்து பேட்டரி மாற்ற வழியே இல்லை. மறைந்துபோகும் பொருளுக்கு 25,000 என்பது எனக்கு உறுத்துகிறது. 8,000, 10,000 ரூபாயிலேயே இரைச்சலை ஒழுங்காகக் குறைப்பவை கிடைக்கின்றன.

கடைசியாக, எதை வாங்குவதற்கு முன்னும் ஒரு முறை காதைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாய்தான் ஆகும். வழக்கமான பரிசோதனை 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை பார்க்கும். நாற்பதைத் தாண்டினால் மேல்கோடிச் சுருதிகளைக் கேட்கும் திறன் மெல்ல மெல்லத் தேய்வது இயல்பு. ‘20,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் கேட்கும்’ என்று பெட்டியில் அச்சடித்திருப்பதற்குக் காசு கொடுக்குமுன் உங்களிடம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. காதில் குறும்பி அடைத்திருந்தால் அதுவும் தெரிந்துவிடும். இயர்போன் கெட்டுவிட்டது என்று என்னிடம் தூக்கிவருபவர்களில் பலருடையதில் முனை வலையைக் குறும்பி மூடியிருக்கும், அவ்வளவுதான்.


தம்புரா:

செவிக்கருவி ஐயா காதைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் பதிவைப் பற்றிச் சொல்கிறேன்.

நீங்கள் கேட்கும் கச்சேரிகள் எவை? பழைய வானொலிப் பதிவுகள், சபாக்களில் யாரோ ஒலிநாடாவில் பிடித்தவை என்றால், விலை உயர்ந்த இயர்போன் உங்களுக்குத் தரப்போவது நாடாவின் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலும் முன்வரிசை ரசிகரின் இருமலும்தான். என்னிடம் எடிமோட்டிக் இருக்கிறது. அதில் அறுபதுகளின் பதிவுகளைக் கேட்பது எனக்குச் சிரமமாக இருக்கிறது. அதே பதிவுகள் மலிவான இயர்போனில், மேல்சுருதி மழுங்கலாக இருப்பதாலேயே, இதமாக இருக்கின்றன. அண்மைக்காலத்தில் ஸ்டூடியோவில் எடுத்தவற்றில்தான் செலவழித்ததன் பலன் தெரிகிறது.

மிருதங்கத்தைப் பொறுத்தவரை உங்கள் மயக்கம் நியாயமானது. பெரும்பாலான தோல் கருவிகளின் மேற்சுரங்கள் (அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து ஒலிப்பவை) சிதறலாக விழும்போது, மிருதங்கத்தில் நடுவில் உள்ள கரும்பூச்சினால் அவை ஒழுங்கான சுரவரிசையில் விழுகின்றன என்று சர் சி. வி. ராமன் 1920இலேயே எழுதினார். அந்த மேற்சுரங்கள் தெளிவாக வரும் கருவியில் வலப்பக்க முகமான வலந்தலையில் அடிக்கும் சாப்பு தனித்து நிற்கும். அது மயக்கம் இல்லை. ஆனால் அதற்கு லட்சம் தேவையா என்றால், என் காதுக்கு 10,000 ரூபாய்க்குள்ளேயே அது கிடைத்துவிட்டது.


தாம்பரம் பயணி:

அனைவருக்கும் நன்றி. அழுத்திப் பார்த்தேன். வலது காதில் ஒன்றும் மாறவில்லை, இடது காதில் அழுத்தியதும் தொப்பி திடீரென்று வந்தது! இடதுக்குப் பெரிய ரப்பர் மாட்டினால் ஒலி சரியாகிறது, ஆனால் அரை மணி நேரத்தில் வலிக்கிறது. நண்பரிடம் விசாரித்ததில் அவர் தனியாக ஒரு டாக் கருவியில் (டிஜிட்டல் கோப்பை ஒலிக்குறியாக மாற்றுவது) இணைத்து, சத்தத்தையும் தாராளமாக வைத்திருந்தாராம்.

ஐஇ 900 ஆசை பாதி இறங்கிவிட்டது. இன்னும் ஒரு கேள்வி: என் காதுக்கு மோல்டு எடுத்து, அதைச் சாதாரண இயர்போனில் மாட்டிக்கொள்ள முடியுமா, ஐயா?


செவிக்கருவி:

முடியும். காதுக்கருவி விற்கும் இடங்களில் சிலர் இயர்போனுக்கும் மென்மையான சிலிக்கோன் மோல்டு செய்து தருகிறார்கள். இயர்போனையும் கையோடு கொண்டுபோங்கள். அதன் குழல்முனை அளவுக்குத் துளை விட வேண்டும். அந்தத் துளை நீளமாகவோ ஒடுக்கமாகவோ போனால் மேல்சுருதி கொஞ்சம் மாறும், அதையும் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். இன்னொன்று, மோல்டு அந்த இயர்போனுக்கு மட்டுமே பொருந்தும். எனவே முதலில் எதை வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். வீட்டில் கேட்க ஐஇ 200 அல்லது எஸ்இ 215இல் எது காதில் உறுத்தாமல் உட்காருகிறதோ அது போதும். இரண்டிலும் வயரைக் கழற்றி மாற்றலாம். ரயிலுக்கு வேறு ஒன்று, நான் மேலே சொன்ன விலையில்.

இம்ப்ரெஷன் எடுக்கும்போது வாயைத் திறந்து, பற்களுக்கிடையே ஒரு சிறு கட்டையைக் கடித்துக்கொள்ளச் சொல்கிறார்களா என்று பாருங்கள். தாடை அசைந்தால் காதுக் குழாயின் வடிவம் மாறும். வாயை மூடியபடி எடுத்த மோல்டு, நீங்கள் ரயிலில் வடை சாப்பிடும்போது ஒழுகும். மேடைப் பாடகர்களுக்கு வாய் திறந்தபடி எடுப்பது அதனால்தான். குறும்பி இருந்தால் இரண்டு நாள் முன்பே காது மருத்துவரிடம் எடுத்துவிட்டுப் போங்கள். நீங்களாகப் பஞ்சுக்குச்சியை விட்டுக் குடையாதீர்கள்.