பத்தாங்கிளாஸ் பாப்பாவை ஊருக்கே அனுப்பிடலாமா? (சிட்னிக்குப் புதுசா வந்தவங்களுக்கு)

கேள்வி: வணக்கமுங்க. நாங்க காங்கேயம் பக்கம். கம்பெனி விசாவுல குடும்பத்தோட சிட்னி வந்து கொஞ்ச மாசம் ஆகுது. பாப்பா நாமக்கல்ல ஹாஸ்டல் ஸ்கூல்ல நல்லாப் படிச்சவ. இங்க இயர் 10. திங்கக்கிழமை ஆனா வயித்து வலிங்கறா. டாக்டர் ஒண்ணுமில்லைங்கறாரு. ரூமை விட்டு வர்றதில்ல. ஸ்கூல்ல, அங்க இருக்கற கவுன்சிலரை (மனசு விட்டுப் பேசற ஆலோசகரை) பாக்கச் சொல்றாங்க. வீட்ல, "பேசாம அம்முச்சிகிட்ட (அம்மாவோட அம்மாகிட்ட) கொண்டுபோய் விட்டுட்டு வாங்க"ங்கறாங்க. என்ன பண்றதுங்க?

பதில்: அண்ணா, வெசனப்படாதீங்க. ஊருக்கு அனுப்பற முடிவை மட்டும் இப்ப எடுக்காதீங்க. "ஊருக்குப் போனாத் தெளிஞ்சுருவா"ன்னு நம்ம வீடுகள்ல சொல்றது சில புள்ளைங்களுக்குப் பலிக்கும். ஆனா வருசத்துக்கு நடுவுல திரும்பிப் போனா, கடைவீதில பாக்கறவங்கல்லாம் "ஏங்கண்ணு வந்துட்ட?"ன்னு கேப்பாங்க. அவளுக்கு அது தண்டனையாட்டத் தெரியும். அவளே கேட்டா வேற விசயம். இங்க பெரிய லீவு டிசம்பர் மூணாவது வாரம் வாக்குல ஆரம்பிச்சு ஜனவரிக் கடைசி வரைக்கும் இருக்கு. பொங்க நோம்பிக்குக் கூட்டிட்டுப் போயிட்டு, கூடவே கூட்டிட்டு வந்துருங்க.

வயித்து வலி நடிப்பில்லீங்க. மனசு அடைச்சுக் கெடந்தா ஒடம்பு காட்டும், வளர்ற வயசுல இன்னும் அதிகமா. அவ பக்கமிருந்து பாருங்க. நாமக்கல்ல எந்திரிக்கறதுல இருந்து படுக்கற வரைக்கும் எல்லாம் பெல் அடிச்சு நடக்கும். இங்க பாடத்தை அவளே தேர்ந்தெடுக்கணும், குரூப்பாச் சேர்ந்து அசைன்மென்ட் பண்ணணும், மத்தியானம் யார் கூட உக்கார்றதுன்னு அவளே தேடணும். வகுப்பு வருசம் ஜனவரிக் கடைசி, பிப்ரவரி மொதல்லயே ஆரம்பிச்சுருது; நடுவுல வந்து சேர்ற புள்ளைக்கு முன்னாடியே கூட்டுக்காரிங்க எல்லாம் சேர்ந்து முடிஞ்சுருக்கும். ஸ்கூல் ஃபர்ஸ்ட் வந்தவ, இங்க வாயத் தொறந்தா "என்ன?"ன்னு ரெண்டு தடவ கேக்கறாங்க. லேசான காரியமா அது?

ஸ்கூல் கவுன்சிலர்கிட்டப் பாப்பாவைக் கட்டாயம் அனுப்புங்க, காசு கெடையாது. அதுக்கு முன்னாடி ஒண்ணு. நம்ம புள்ளைங்க கவுன்சிலருக்குப் பயப்படறதில்ல, நமக்குத்தான் பயப்படறாங்க. இன்னைக்குச் சொன்னது ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல அப்பச்சிக்குப் போகும், அங்கிருந்து அத்தை வீட்டுக்கு, அடுத்த சீர்ல மண்டபம் முழுக்கன்னு அவங்களுக்கு நல்லாத் தெரியும். அதனால "இது நம்ம மூணு பேரோட நிக்கும்"னு மொதல்ல வாக்குக் குடுங்க. குடுத்தா, சொந்த அக்கா கேட்டாலும் மூச்சு விடாதீங்க. கவுன்சிலர்கிட்டப் பேசறது அங்கயேதான் இருக்கும். உசுருக்கு ஆபத்து, யாராவது துன்புறுத்தறாங்கன்னு வந்தாத்தான் வெளிய சொல்லுவாங்க. திரும்பி வர்றப்ப கார்ல "என்ன கேட்டாங்க, என்ன சொன்ன?"ன்னு ஆரம்பிச்சுராதீங்க. பாட்டுப் போட்டு விடுங்க.

இன்னொன்னு, கை நீட்டற பழக்கம் இருந்தா வெளாறெல்லாம் ஊரோட போச்சு. வாத்தியாரும் டாக்டரும், புள்ளைக்கு ஆபத்துன்னு சந்தேகம் வந்தா அரசாங்கத்துக்குச் சொல்லியே ஆகணுங்கறது இங்க சட்டம்.

டாக்டர் விசயம்: மெடிகேர் (இங்க அரசாங்க மருத்துவத் திட்டம்) இருந்தா, ஜிபிகிட்ட (குடும்ப டாக்டர்கிட்ட) மனநலத் திட்டம் எழுதி வாங்கினா வருசத்துக்கு 10 தடவ வரைக்கும் சைக்காலஜிஸ்ட் செலவுல ஒரு பங்கு திரும்பக் கெடைக்கும். கம்பெனி விசாக்காரங்களுக்குப் பெரும்பாலும் மெடிகேர் கெடையாது, உங்க இன்சூரன்ஸ்ல இது வருதான்னு கேட்டுக்கங்க. 12ல இருந்து 25 வயசு வரைக்கும் உள்ளவங்க மனநலத்துக்குன்னே ஹெட்ஸ்பேஸ் சென்டர்கள் இருக்கு. நேர்ல போகக் கூச்சப்பட்டா ஆன்லைன்லயும் பேசலாம். புள்ளைங்க போன்ல மனசு விட்டுப் பேசறதுக்குக் கிட்ஸ் ஹெல்ப்லைன் 1800 55 1800, ராத்திரி பகல் எந்நேரமும் இலவசம்.

சிட்னில பெண்டில் ஹில், டூங்காபி பக்கம் தமிழ் டாக்டருங்க உண்டு. ஆனா "அவங்க எங்கம்மாவைக் கோயில்ல பாப்பாங்களே"ன்னு பாப்பா கூசினா வெள்ளக்கார டாக்டர்கிட்டயே போங்க. அங்க உங்களுக்குப் பேச்சுத் தடுமாறினா 131 450ல தமிழ் மொழிபெயர்ப்பாளர் போன்ல வருவாங்க. கிளினிக்ல முன்கூட்டியே சொல்லி வைங்க. பாப்பாவையே மொழிபெயர்க்கச் சொல்லாதீங்க. அவ கஷ்டத்தை அவ வாயாலயே அப்பனுக்கு எப்படிச் சொல்லுவா?

குலதெய்வத்துக்கு முடிஞ்சு வைக்கறது, சென்னிமலைக்கு வேண்டிக்கறது எல்லாம் தாராளமாப் பண்ணுங்க. கவுன்சிலிங்குக்குப் பதிலா வேண்டாம், அவ்வளவுதான்.

சாகறதப் பத்திப் பேசினாளோ, வெயில்லயும் முழுக்கைச் சட்டையைக் கழட்டாம திரிஞ்சாளோ (கையைக் கீறிக்கிட்டதை மறைக்கறதா இருக்கலாம்), நேராவே கேளுங்க. கேட்டா அந்த நெனப்பு வந்துரும்ங்கறது தப்பு. அவசரம்னா 000, நியூ சவுத் வேல்ஸ்ல மனநல லைன் 1800 011 511, 24 மணி நேரமும்.

கேள்வி: ரொம்ப நன்றிங்க. ரெண்டு பயம் இருக்குதுங்க. ரெக்கார்டு ஆச்சுன்னா பிஆருக்கு (இங்கயே நிரந்தரமாத் தங்கற விசாவுக்கு) எடைஞ்சல் வருமா? நாளைக்கு வரன் பாக்கறப்ப வெளிய தெரியுமா?

பதில்: டாக்டர் குறிப்பு மாப்பிள்ளை வீட்டுக்குப் போகவே போகாதுங்க. 14 வயசு ஆயிருச்சுன்னா மை ஹெல்த் ரெக்கார்டை (அரசாங்கத்தோட ஆன்லைன் மருத்துவக் குறிப்பை) உங்களாலயே தானாப் பாக்க முடியாது, அவ அனுமதி குடுக்கணும். ஊருக்குத் தெரிஞ்சா அது நம்ம வாயாலதான். பிஆருக்கு, நோய்ப் பேரை விட அதுக்கு அரசாங்கத்துக்கு எவ்வளவு செலவாகும்னுதான் முக்கியமாப் பாக்கறாங்க. விசாவுக்கான மெடிக்கல் செக்கப்புல கேட்டா மறைக்காதீங்க, பொய்தான் விசாவைக் கெடுக்கும். மனசு ஆறலைன்னா பதிவு பெற்ற மைக்ரேஷன் ஏஜென்ட்கிட்ட ஒரு மணி நேரம் காசு குடுத்துக் கேட்டுருங்க. அதுக்காகக் கவுன்சிலரைத் தள்ளிப் போடாதீங்க; திங்கக்கிழமையே ஸ்கூலுக்குப் போன் பண்ணி நேரம் வாங்கிருங்க.

டிசம்பர்ல காங்கேயம் போனாலும் 14416, டெலி மானஸ்ங்கற இந்திய அரசாங்க மனநலப் போன் லைன், தமிழ்ல பேசலாம், இலவசம். அம்முச்சிகிட்ட, "பாப்பாவுக்குப் புது ஸ்கூல் பழகல"ன்னு மட்டும் சொன்னாப் போதுங்க.