தீபாவளி சீசனில் யாருக்கும் லீவு இல்லை என்பது சரியா?

கல்லாக்காரர்: தாம்பரம் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். முப்பது பேர் வேலை செய்கிறார்கள், பாதிப் பேர் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பிள்ளைகள். தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் யாருக்கும் லீவு கிடையாது என்று நோட்டீஸ் ஒட்ட நினைக்கிறேன். போன தடவை கடைசி சனிக்கிழமை நாலு பேர் சொல்லாமல் வேலைக்கு வராமல் நின்றுவிட்டார்கள். பில் போட ஆளில்லாமல், எடுத்த துணியை மேஜையிலேயே வைத்துவிட்டுக் குடும்பம் குடும்பமாக வெளியே போனார்கள். என்ன சொல்கிறீர்கள்?

பட்டு செக்‌ஷன்: அண்ணாச்சி, அந்த நாலு பேரும் ஏன் சொல்லாமல் நின்றார்கள்? கேட்டால் கிடைக்காது என்று தெரிந்தவர் கேட்கமாட்டார். நான் பட்டுப் பிரிவில் நின்றவள். தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி ஷட்டரை இறக்கியதும் வேலை முடிந்துவிடாது. பிரித்துக் காட்டிய புடவைகளையெல்லாம் பழைய மடிப்பிலேயே மடித்து அடுக்கவேண்டும். முடித்துவிட்டு விடுதிக்குப் போகும்போது தெருவில் வெடிச் சத்தம் ஆரம்பித்துவிடும். ஊரிலிருந்து அம்மா போன் பண்ணி, எண்ணெய் தேய்த்துக் குளித்தாயா என்பார்.

தள மேலாளர்: அக்கா சொல்கிற வலி எனக்கும் தெரியும். ஆனால் வராதவர் வேலையையும் சேர்த்துச் செய்வது வந்தவர்தான். ஒருவருக்கு லீவு கொடுத்தால் பக்கத்தில் நிற்பவர் சாப்பாட்டுக்குக்கூட நகர முடியாது. சீசனுக்கு எடுக்கிற காலேஜ் பையன்கள் பேக்கிங்குக்கு ஆவார்கள், எந்த சைஸ் எந்த ராக்கில் என்று அவர்களுக்குத் தெரியாது. எல்லோருக்கும் ஒரே தடை என்றால் ‘அவனுக்கு மட்டும் ஏன்’ என்ற பேச்சே வராது.

லேபர் பக்கம்: தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947-இன்படி நியாயமான காரணத்துக்கு வருஷம் 12 நாள் சம்பளத்தோடு தற்செயல் விடுப்பு உண்டு. நோய்க்குத் தனியாக 12 நாள். நோட்டீஸ் ஒட்டி இதையோ வார விடுமுறையையோ ரத்து செய்ய முடியாது. பண்டிகை விடுமுறை நாளில் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், இல்லையென்றால் சம்பளத்தோடு மாற்று விடுமுறை. இது 1958-ஆம் வருஷச் சட்டம்.

கல்லாக்காரர்: சட்டம் சரி தம்பி. எல்லோரும் அதே வாரத்தைக் கேட்டால் நான் என்ன செய்வது?

பட்டு செக்‌ஷன்: எல்லோருக்கும் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. முடிவை முன்னாடியே சொல்லுங்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன் திறக்கிறது, 2024 அக்டோபர் வரைக்கும் 120 நாள். 2025-இல் தீபாவளி அக்டோபர் 20-ஆம் தேதி வந்தது. நெல்லை எக்ஸ்பிரஸில் படுக்கை வேண்டுமானால் ஆகஸ்ட் மூன்றாம் வாரமே காலை எட்டு மணிக்குப் போனைக் கையில் வைத்து உட்காரவேண்டியிருந்தது. கடை அக்டோபரில் ‘சரி, போ’ என்றால் அப்புறம் ஆம்னி பஸ்தான், சம்பளத்தில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். அதனால் ஆடித் தள்ளுபடி முடிந்த கையோடு லீவுப் பட்டியலைப் போடுங்கள். போன வருஷம் தீபாவளிக்குக் கடையில் நின்றவருக்கு இந்த வருஷம் முதல் இடம். தூத்துக்குடிப் பிள்ளைகளில் கிறிஸ்தவர்கள் இருப்பார்களே, கிறிஸ்துமஸுக்கு லீவு உறுதி என்றால் தீபாவளிக்கு அவர்களே கடையில் நிற்பார்கள். கேட்டுப் பாருங்கள்.

தள மேலாளர்: பட்டியலில் பேர் இல்லாதவரும் வராமல் நின்றுவிட்டால்? போனஸில் பிடித்தால்தான் பயம் இருக்கும்.

லேபர் பக்கம்: சம்பளத்தோடு எடுத்த லீவு போனஸ் கணக்கில் வேலை நாளாகவே சேரும். அதைப் பிடிக்க முடியாது. கடைசி வாரம் முழுக்க வந்தவருக்குத் தனியாக ஒரு தொகை கொடுங்கள், அதை யாரும் தடுக்கவில்லை.

கல்லாக்காரர்: பட்டியல் போடுகிறேன். ஆனால் கடைசி நாலு நாள் பில்லிங்கில் யாரையும் விடமாட்டேன், அதில் மாற்றமில்லை.

பட்டு செக்‌ஷன்: பில்லிங்கில் இருப்பவர்களுக்கும் அம்மா அப்பா ஊரில்தான் இருக்கிறார்கள், அண்ணாச்சி. செக்‌ஷனில் இருக்கிற ரெண்டு பேருக்கு ஆகஸ்டிலேயே பில் போடப் பழக்குங்கள்.