பல் பிடுங்கப் போன இடத்தில் தெரிந்த பிரஷர்

எனக்கு 19 வயதில் சினைப்பையில் நீர்க்கட்டி, அதாவது பிசிஓஎஸ் என்று சொன்னார்கள். நாள் தள்ளித் தள்ளிப் போகிறதே என்று அம்மாதான் டாக்டரிடம் கூட்டிப்போனார். அதன் பிறகு 12 வருஷத்தில் நான்கு டாக்டர்களைப் பார்த்துவிட்டேன். ஸ்கேன், ஹார்மோன் டெஸ்ட், தைராய்டு எல்லாம் எடுத்தாயிற்று. கல்யாணத்துக்கு முன்னால் "கல்யாணம் ஆனா சரியாயிடும்", அப்புறம் "குழந்தை எப்போ?" பேச்சு அதைத் தாண்டிப் போனதே இல்லை. பழைய ஃபைலைப் பிரித்து ஒவ்வொரு சீட்டாகத் தேடினேன். ஒன்றில்கூட பிரஷர் எவ்வளவு என்று எழுதியிருக்கவில்லை.

போன ஆவணியில் கடைவாய்ப் பல் பிடுங்கப் போனேன். ஊசி போடுவதற்கு முன் அங்கிருந்த பெண் பிரஷர் பார்த்தார். 158/98. பயத்தில் ஏறியிருக்கும் என்று பத்து நிமிஷம் உட்கார வைத்து மறுபடி பார்த்தார். 154/96. "அக்கா, இன்னைக்குப் பல் எடுக்க வேண்டாம். முதல்ல இதைக் கவனிங்க" என்றார். எனக்குத் தலைவலிகூட இல்லை. பிரஷர் என்பது அப்பா வயதுக்காரர்களுக்கு வருவது என்றுதான் 31 வயது வரை நினைத்திருந்தேன்.

அடுத்து பார்த்த பொது மருத்துவர் பொறுமையாக விளக்கினார். நீர்க்கட்டி உள்ள நம்மில் பலருக்கு இன்சுலின் சுரந்தாலும் உடம்பு அதன் பேச்சைக் கேட்பதில்லை. அதனால் கணையம் இன்னும் இன்னும் சுரக்கிறது. அப்படிக் கூடிப்போன இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைக் கூட்டுகிறது. சிறுநீரகம் உப்பை வெளியே விடாமல் பிடித்துவைக்கவும் அது காரணமாகிறது. ரத்தக் குழாய் இளகி விரிவதும் குறைகிறது. தாடையில் முளைக்கும் முடி, கழுத்துக் கறுப்பு, பிரஷர் எல்லாவற்றுக்கும் பின்னால் பெரும்பாலும் இந்த இன்சுலின்தான் இருக்கிறது என்றார். 2023இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், பிசிஓஎஸ் உள்ள எல்லோருக்கும் வருஷம் ஒரு முறையாவது பிரஷர் பார்க்கச் சொல்கிறதாம். வயது, எடை எதுவானாலும் நோயைக் கண்டுபிடித்த உடனேயே கொலஸ்ட்ராலும் சர்க்கரையும் பார்க்க வேண்டுமாம். கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வீட்டுக்கு ஒரு மெஷின் வாங்கினோம். காற்று ஏற ஏற பட்டை பர்ரென்று பிரிந்துகொண்டது. தையல் டேப்பால் அளந்து பார்த்தால் என் மேல்கை 36 செ.மீ.; அந்தப் பட்டையில் 22–32 என்று போட்டிருந்தது. சின்னப் பட்டை பிரஷரைக் கூட்டிக் காட்டும். பெரிய பட்டை மாற்றியதும் 148 காட்டிய இடத்தில் 139 வந்தது. அதுவும் கூடுதல்தான், ஆனால் அதுதான் உண்மையான கணக்கு. ஐந்து நிமிஷம் பேசாமல் சாய்ந்து உட்கார்ந்து, கால் இரண்டையும் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு உயரத்துக்கு மேஜைமேல் வைத்துப் பாருங்கள்.

திருநெல்வேலியிலிருந்து ஒரு தோழி:
குண்டாக இருப்பவர்களுக்குத்தான் இது என்று நினைக்காதீர்கள். நான் 48 கிலோ. பீரியட்ஸ் ஒழுங்காக வர ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாம் மாதம் 146/94. அந்த மாத்திரை சிலருக்குப் பிரஷரை ஏற்றுமாம். டாக்டரம்மா அதை நிறுத்திவிட்டு வேறு கொடுத்தார், சில வாரத்தில் இறங்கிவிட்டது. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஆனால் அதைச் சாப்பிட ஆரம்பித்தால் பிரஷரும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

மதுரையிலிருந்து ஒரு அக்கா:
எனக்கு 34ஆவது வாரத்தில் கால் வீங்கி, கண் முன்னே பூச்சி பறந்தது. வெயிலுக்கு என்று விட்டிருப்பேன். எங்கள் பகுதி நர்ஸ் அக்கா வந்து பிரஷர் பார்த்துவிட்டு அந்த நிமிஷமே ஆட்டோ பிடிக்க வைத்தார். 170/110. நம்மைப் போன்றவர்களுக்குக் கர்ப்பகாலப் பிரஷர் வரும் வாய்ப்பு கூடுதலாம். இப்போது பையனுக்கு நாலு வயது. பிரசவத்தோடு போய்விட்டது என்று இருந்துவிடக் கூடாது, பிற்காலத்தில் இதயத்துக்கு ஆபத்து கூடுதல் என்று சொல்லி டாக்டர் வருஷா வருஷம் வரச் சொல்லியிருக்கிறார். தங்கச்சி, பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டே குழந்தைக்கு முயற்சி செய்வதாக இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடு. சில மாத்திரை கருவுக்கு ஆகாது.

மறுபடி நான்:
சொன்னதற்கு நன்றி, மதுரை அக்கா. அதை நான் டாக்டரிடம் கேட்டே இருக்கவில்லை, வரும் வியாழன் கேட்கிறேன். எங்கள் வீட்டில் மோர்மிளகாய், ஊறுகாய் டப்பா இரண்டும் மேஜையிலிருந்து பரணுக்குப் போய்விட்டன. மாலையில் 40 நிமிஷம் நடக்கிறேன். இன்று காலை 128/82. என் தங்கைக்கும் நீர்க்கட்டி உண்டு, 23 வயது. ஞாயிற்றுக்கிழமை அவளைப் பிடித்து உட்கார வைத்து மூன்று தடவை பார்த்தேன், மூன்றிலும் 136க்குக் குறையவில்லை. வியாழக்கிழமை அவளும் என்னோடு வருகிறாள்.